கடல் இல்லாத ஊரின் சங்குகள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்பும் குடும்பங்கள் விருதுநகர் மாவட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கின்றன. சாத்தூரில் காராச்சேவு வாங்க வண்டி நிற்கும். வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே மணலும் கருவேலமும் தெரியும். அடுத்த நிறுத்தம் கோவில்பட்டி. கடலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கரிசல் காட்டில் என்ன வேலை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்தோடு ஒட்டிக்கொண்ட சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: கடலோரப் பயணத்துக்கும் வெம்பக்கோட்டைக்கும் சம்பந்தமில்லை.

சாத்தூரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது வெம்பக்கோட்டை. அதை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2023-லும் 2024-லும் அடுத்தடுத்த கட்டங்கள் நடந்தன. குழிகளிலிருந்து வெளிவந்தவற்றில் கண்ணாடி மணிகள் உண்டு, சுடுமண் பொம்மைகள் உண்டு, யானைத் தந்தத்தில் செய்த பகடை உண்டு, திமிலுள்ள காளை பொறித்த சூதுபவளக் கல் உண்டு. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைப்பவை சங்கு வளையல்கள். முழுமையான வளையல்கள் மட்டும் கிடைத்திருந்தால், யாரோ வணிகர் கொண்டுவந்து விற்றார் என்று விட்டுவிடலாம். இங்கே அறுத்துப் பாதியில் நின்றவை, உடைந்தவை, வேலைப்பாடு செய்தவை என எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. வளையல் இந்த ஊரில்தான் அறுக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

வளையல் செய்யும் சங்கு ஆற்றில் விளைவதில்லை. அது மன்னார் வளைகுடாவின் ஆழத்தில் முத்துக்குளிப்போர் மூழ்கி எடுத்த சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தொடங்கும் வைப்பாறு, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாகக் கிழக்கே ஓடி, தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாறு, சிப்பிக்குளம் ஊர்களுக்கு அருகே கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்துக்கும் வெம்பக்கோட்டைக்கும் நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவ்வளவு தூரம் கனத்த சங்கைச் சுமந்துவந்து அறுத்திருக்கிறார்கள் என்றால், கடற்கரையின் வணிகம் மணலோடு முடிந்துவிடவில்லை. வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தால் சங்கு அறுத்ததை அகநானூறு பேசுகிறது. இலக்கியத்தில் ஒரு வரியாக வந்துபோகும் அந்தத் தொழில், வெம்பக்கோட்டை மேட்டில் கைக்கு எட்டும் பொருளாகக் கிடக்கிறது. தொழில் சாகவும் இல்லை. வங்காளத்துத் திருமணமான பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்குத் தூத்துக்குடிச் சங்கு இன்றும் போகிறது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிட்டார்கள். 1985 மார்ச்சில் பிரிக்கப்படும்வரை வெம்பக்கோட்டையும் ராமேஸ்வரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகரின் 'கடல் இல்லாத மாவட்டம்' என்ற அடையாளத்துக்கு வயது மிகக் குறைவு.

நம்பிக்கை: வெம்பக்கோட்டையில் தங்கப் புதையல் கிடைத்தது.

பொன் கிடைத்தது உண்மை. அவை சின்னஞ்சிறு அணிகலன்கள், நகைக்கடைத் தராசில் வைத்தால் பெரிதாகத் தேறாதவை. செய்தித் தலைப்பில் 'தங்கம்' என்று வந்ததும் ஊருக்கு வரும் சிலர் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. அதே அகழாய்வில் கிடைத்த நுண்கற்காலக் கருவிகள், இரும்புகூட அறியாத மனிதர்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்ததைச் சொல்கின்றன. பொன்னைவிட மதிப்பான செய்தி அது.

நம்பிக்கை: சிவகாசி வட்டாரம் கந்தக பூமி. மண்ணே வெடிமருந்து.

மண் கரிசல். பருத்தி, சோளம், கம்பு விளைந்த மண். பட்டாசுக்கு வேண்டிய கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் வெளியிலிருந்து வந்து இறங்குகின்றன. 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதற்குப் பின்னால்தான் தீப்பெட்டி, அச்சு, பட்டாசு எல்லாம் ஊன்றின. மழை குறைவு, வெயில் தாராளம், மானாவாரி விவசாயம் கைகொடுக்காத வீடுகளில் வேலைக்கு ஆள் நிறைய. தொழில் நிலைத்ததற்கு இவைதான் காரணம். 'கந்தக பூமி' என்ற பட்டப்பெயரைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வறட்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: சிவகாசிப் பக்கம் போனால் பட்டாசு ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம்.

கூடாது. உரிமம் பெற்ற ஆலைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், ஒரு அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்று வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. வேடிக்கை பார்க்க வருபவருக்கு அங்கே இடமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே இல்லை, புகையைப் பார்த்து உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்கள். ஆலையை ஒட்டிய சாலையில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதுகூட வேண்டாம். ஏதாவது சத்தமோ புகையோ கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு விலகிப் போங்கள்.

வாங்குவதிலும் இரண்டு சங்கதிகள். கடையில் வாங்கிய பட்டாசை ரயிலில் ஏற்றக் கூடாது. பிடிபட்டால் ரயில்வே சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. இணையத்தில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்துவிட்டது. சிவகாசி விலாசத்தைப் போட்டு முன்பணம் கேட்கும் பக்கங்களை நம்ப வேண்டாம்.

நம்பிக்கை: ஜூன் பிறந்தால் தென்கடலோரம் முழுக்க மழை.

அது கேரளக் கரையின் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில் வெம்பக்கோட்டையில் வறண்ட காற்றுதான் வீசும். இங்கும் தூத்துக்குடிக் கரையிலும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாருங்கள். வெயில் தாங்கும்படி இருக்கும், வைப்பாற்றில் தண்ணீரும் மிச்சமிருக்கலாம். சிவகாசி நகரம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு வெம்பக்கோட்டை அணையிலிருந்து போகிறது. வைப்பாற்றைச் 'செத்த ஆறு' என்பது, அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் சொல்லக்கூடிய சொல் அல்ல.

நம்பிக்கை: காட்டில் கிடக்கும் மணியும் ஓடும் எடுத்தவருக்குச் சொந்தம்.

அகழாய்வு மேட்டைச் சுற்றிய நிலங்களில் உழவுக்குப் பின் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் மேலே வருவது சாதாரணம். நினைவுக்கு ஒன்று என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பெருகிவருகிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் கண்டெடுத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது அது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு வளையல் துண்டு எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலம் கணிக்கிறார்கள். இடம் மாறிய துண்டு அந்தத் தகவலை இழந்துவிடுகிறது. கண்டால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

அகழாய்வுக் குழிகளை எப்போதும் திறந்தே வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. காலையில் விஜயகரிசல்குளம் போய்விட்டு, சாத்தூர் வந்து, அருச்சுனா நதி வைப்பாற்றில் கூடும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, விளாத்திகுளம் வழியாகச் சிப்பிக்குளம் போனால், சங்கு வந்த திசையிலேயே அன்று மாலைக்குள் கடலை அடைந்துவிடலாம்.