சேலத்தில் எரித்தார்களா?

அன்புள்ள கயல்விழிக்கு,

‘ஹோகஸ் போகஸ்’ பார்த்துவிட்டு, “சூனியக்காரிகளை எரிப்பதுதானே வழக்கம்? சாண்டர்சன் சகோதரிகள் மூவரையும் ஏன் தூக்கில் போடுகிறார்கள்?” என்று கேட்டிருந்தாய். நன்றாகப் படித்தவர்கள்கூட இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1993இல் வந்த அந்த டிஸ்னி படத்தில் பூனை பேசும், சூனியக்காரி வேக்யூம் கிளீனரில் ஏறிப் பறப்பாள். ஆனால் தூக்குக் கயிறு நிஜம்.

படத்தின் கதை நடக்கும் அமெரிக்காவின் சேலம் அப்போது ஆங்கிலேயக் குடியேற்றம். ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. தீயெல்லாம் பிரான்சிலும் ஜெர்மானிய நாடுகளிலும். 1692இல் சேலத்தில் தூக்கில் தொங்கியவர்கள் 19 பேர். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் தனிக்கணக்கு. எரிந்தவர் ஒருவருமில்லை. நோட்டில் எழுதி வைத்துக்கொள்!

படம் சறுக்குவது ஆண்டில்தான். கதையில் 1693இல் தூக்கிலிடுகிறார்கள்; அந்த ஆண்டு சேலத்தில் யாரையும் தூக்கிலிடவில்லை.

பாட்டும் கூத்துமாக வரும் அந்த மூவரைவிட, அங்கே நிஜமாகவே மாட்டிக்கொண்ட மூன்று சகோதரிகளின் கதை பெரிது. மூத்தவர் ரெபெக்கா நர்ஸ்: வயது 71, காது மந்தம். ஜூரிகள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். குற்றம் சாட்டிய சிறுமிகள் அலறினார்கள். ரெபெக்கா சொன்ன ஒரு வார்த்தையை யோசித்தீர்களா என்று நீதிபதி ஸ்டவுட்டன் கேட்டார். ஜூரிகள் ரெபெக்காவிடமே விளக்கம் கேட்டார்கள். கேள்வி காதில் விழவில்லை. கிழவி பேசாமல் நின்றார். அந்த மௌனத்துக்குக் கிடைத்த தீர்ப்பு தூக்கு, ஜூலை 19இல்.

தங்கை மேரி ஈஸ்டியை மே மாதம் விடுவித்து, இரண்டொரு நாளில் மறுபடி பிடித்தார்கள். தண்டனைக்குப் பின் அவர் எழுதிய மனுவைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தன் உயிரை அதில் அவர் கேட்கவில்லை. குற்றம் சாட்டுகிறவர்களைப் பிரித்து வைத்து விசாரியுங்கள் என்று நீதிபதிகளுக்கு வழி சொன்னார். சாட்சிகள் கூடிப் பேசி ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்று எந்தக் கத்துக்குட்டி வக்கீலுக்கும் தெரியும். அன்று நீதிமன்றத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் தூக்குக்குக் காத்திருந்த ஒரு விவசாயி மனைவி. எரித்தார்கள் என்று பேசும்போது வெறிபிடித்த கும்பல் ஒன்றுதான் கண்முன் வருகிறது. ஜூரி, மனு, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தே இது நடந்தது என்பதை மறந்துவிடுகிறோம். செப்டம்பர் 22இல் மேரியையும் தூக்கிலிட்டார்கள்.

கடைசித் தங்கை சாரா கிளாய்ஸ் பிழைத்தார். 1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘த்ரீ சாவரின்ஸ் ஃபார் சாரா’வில் அவராக நடித்தவர் வனெஸ்ஸா ரெட்கிரேவ். மெதுவாகப் போகிறது, மந்திரம் மாயம் எதுவும் கிடையாது என்று பாதியில் எழுந்துவிடாதே. பார்த்துவிட்டு எழுது.