கணிதமா, இயற்பியலா?

கோட்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் திண்டுக்கல் பகுதி பிளஸ் டூ மாணவர்களுக்கு:

1. பட்டப்படிப்புக்கு இயற்பியலையே எடுங்கள். இயற்பியல் எம்.எஸ்சி. இடங்கள் பலவற்றுக்கு இளநிலையில் அந்தப் பாடம் கட்டாயம்.

2. துணைப்பாடக் கணிதத்தோடு நிற்காதீர்கள். நேரியல் இயற்கணிதத்தைத் தனியே படியுங்கள். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்கள்கூட அதில் வரும் ஐகன் மதிப்புகளே.

3. கணிதத்தில்தான் இடம் கிடைத்ததா? சேருங்கள், என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் குவாண்டம் இயக்கவியலை இலவசமாகக் கேளுங்கள். இயற்பியல் அடித்தளம் விட்டுப்போகாது.

4. காந்திகிராமப் பல்கலைக்கழகம் உட்பட எங்கு விண்ணப்பித்தாலும் பாடத்திட்டத்தை முதலில் வாசியுங்கள். பாடங்களின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும்.

5. இரண்டும் வேண்டுமென்றால் சிறுசேரி சென்னை கணிதக் கழகத்தின் நுழைவுத்தேர்வை எழுதுங்கள். கணிதமும் இயற்பியலும் இணைந்த பட்டம் அங்கே உண்டு.

6. முதலாண்டிலேயே மேற்படிப்புக்கான ஜாம், ஜெஸ்ட் நுழைவுத்தேர்வுகளின் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். எதில் பலவீனம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.