கேக்குக்கும் தூண் வேண்டும்

வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மாடி எதன் மேல் நிற்கிறது? சுவர் மேல் நிற்கும். அல்லது தூண் மேல் நிற்கும். மாடியின் பாரம் தூண் வழியாக அடித்தளத்துக்குப் போகிறது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் யாராவது மாடி கட்டுவார்களா?

அடுக்குக் கேக்கும் மாடி வீடு போலத்தான்.

கோவா, கேரளா, மும்பை, பெங்களூரு போன்ற இடங்களில் கிறிஸ்தவர் வீட்டுத் திருமணங்களில் அடுக்குக் கேக் வைப்பார்கள். இப்போது பிறந்தநாளுக்கும் பலர் கேட்கிறார்கள். பெண்கள் பலர் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார்கள். ஒற்றைக் கேக்கை நன்றாகச் செய்பவர்கள் கூட அடுக்குக் கேக் என்றால் பயப்படுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் உண்டு. கேக் சரிந்தால் முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மாவு எல்லாம் வீண். இரண்டு நாள் உழைப்பும் வீண். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தத் திருமண நாளோ மறுபடி வராது.

இருவர் பேசுகிறார்கள்

பெங்களூருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் கேக் செய்து விற்கிறார். மற்றவர் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். அவர்கள் பேசுவதைப் படியுங்கள்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு இரண்டு அடுக்குக் கேக் கேட்டிருக்காங்க. போன தடவை மேல் கேக் கீழே அமுங்கிப் போச்சு. கெட்டியாத்தான் செஞ்சேன்."

"கெட்டியா இருந்தா போதுமா தங்கச்சி? காங்கிரீட் தளம் கூடக் கெட்டிதான். அதையும் தூண் மேலேதானே போடறோம். உன் கேக்கிலே தூண் எங்கே?"

"கேக்கிலே தூணா?"

"ஆமாம். பாரத்தைக் கேக் சுமக்கக் கூடாது. தூண்தான் சுமக்கணும்."

அந்த அக்கா சொன்னது சரி. கேக் மென்மையானது. அதற்குள் காற்றுத் துளைகள் நிறைய உண்டு. மேலே பாரம் வைத்தால் அமுங்கும். ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் சரியும். எனவே கீழ்க் கேக்குக்குள் குச்சிகளை நட வேண்டும். அவைதான் தூண்கள். மேல் கேக்குக்கு அடியில் ஓர் அட்டை வைக்க வேண்டும். அதுதான் தளம். அட்டை இல்லாவிட்டால் குச்சிகள் மேல் கேக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும்.

தேவையான பொருள்கள்

கீழே 10 அங்குலக் கேக், மேலே 6 அங்குலக் கேக் என்று வைத்துக்கொள்வோம்.

• அடிப்பலகை 1. இது 14 அங்குல அகலம் இருக்கட்டும். வளையாத பலகையாக இருக்க வேண்டும்.
• 6 அங்குல வட்ட அட்டை 1. அட்டை கனமாக இருக்கட்டும். நடுவில் ஒரு துளை போடுங்கள்.
• பென்சில் கனமுள்ள மரக்குச்சிகள் 4.
• நீளமான மரக்குச்சி 1. ஒரு முனையைக் கூராகச் சீவுங்கள்.

குச்சியில் வர்ணமோ வார்னிஷோ இருக்கக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, நன்றாகக் காய வையுங்கள். பலகையையும் அட்டையையும் அலுமினியத் தாளால் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம். அதன் மை உணவில் ஒட்டும்.

செய்யும் முறை

1. இரண்டு கேக்கின் மேல்பகுதியையும் சமமாகச் சீவுங்கள். கொத்தனாரிடம் உள்ள ரசமட்டம் கிடைத்தால், அதைக் கழுவித் துடைத்து, வெண்ணெய்த் தாள் விரித்து வைத்துப் பாருங்கள்.

2. பலகையில் சிறிது கிரீம் தடவிப் பெரிய கேக்கை நடுவில் வையுங்கள். சிறிய கேக்கை அட்டை மேல் வையுங்கள். இரண்டுக்கும் கிரீம் பூசுங்கள். வெயில் காலத்தில் வெண்ணெய்க் கிரீம் நல்லது. பால் கிரீம் சீக்கிரம் இளகும்.

3. இரண்டையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் 2 அல்லது 3 மணி நேரம் வையுங்கள். கிரீம் இறுகட்டும்.

4. கீழ்க் கேக்கின் நடுவில் 6 அங்குலத் தட்டை லேசாக வைத்து எடுங்கள். வட்டம் பதியும். குச்சிகள் இந்த வட்டத்துக்குள்தான் வர வேண்டும்.

5. ஒரு குச்சியை நேராகப் பலகை வரை இறக்குங்கள். கிரீமின் மேல்மட்டம் எங்கே தொடுகிறதோ அங்கே கத்தியால் கீறுங்கள். வெளியே எடுங்கள். அந்த அளவுக்கே நான்கு குச்சிகளையும் வெட்டுங்கள்.

6. வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, நான்கு பக்கமும் நடுங்கள்.

7. மேல் கேக்கை அட்டையோடு தூக்கி வையுங்கள். பிறகு நீளக் குச்சியை நடுவில் இறக்குங்கள். அது அட்டையின் துளை வழியாகப் பலகை வரை போக வேண்டும். மேலே தெரியாத அளவுக்கு முன்பே வெட்டிக்கொள்ளுங்கள். துளையைக் கிரீமால் மூடுங்கள்.

நான்கு குச்சிகள் பாரத்தைத் தாங்கும். நீளக் குச்சி மேல் கேக் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும். இரண்டும் வேண்டும்.

அளவு தவறினால் என்ன ஆகும்?

குச்சி குட்டையானால், பாரம் கேக் மேல் விழும். கேக் அமுங்கும்.
குச்சி நீளமானால், இரண்டு கேக்குக்கும் நடுவே இடைவெளி தெரியும். மேல் கேக் ஆடும்.
ஒன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் கேக் சாயும்.
ஆகவே ஒரே குச்சியை அளந்து, அதை வைத்தே மற்றவற்றை வெட்டுங்கள்.

எடுத்துப் போகும்போது

கேக்கை மடியில் வைக்காதீர்கள். வண்டி இருக்கையில் வைக்காதீர்கள். இருக்கை சாய்வாக இருக்கும். வண்டியின் தரையில், நழுவாத துணி விரித்து வையுங்கள். வெயிலுக்கு முன்பே புறப்படுங்கள். தூரம் அதிகம் என்றால் இரண்டு பெட்டிகளில் தனித்தனியாக எடுத்துப் போங்கள். மண்டபத்தில் அடுக்குங்கள். இதுவே பாதுகாப்பான வழி.

மறக்கக் கூடாத சீட்டு

கேக்கை வெட்டுபவருக்கு உள்ளே குச்சி இருப்பது தெரியாது. குழந்தை வாயில் குச்சி போனால் ஆபத்து. எனவே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். நாம் கற்ற எழுத்து இங்கே ஒரு குழந்தையைக் காக்கும். சீட்டு இப்படி இருக்கட்டும்:

"இந்தக் கேக்கில் 5 குச்சிகளும் 1 அட்டையும் உள்ளன. மேல் கேக்கை எடுத்துவிட்டு, குச்சிகளை எண்ணி வெளியே எடுங்கள். பிறகு கீழ்க் கேக்கை வெட்டுங்கள்."

சீட்டை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். வாயாலும் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. வீட்டில் செய்து விற்றாலும் அது உணவுத் தொழில்தான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பயிற்சி

1. மேல் கேக்குக்கு அடியில் அட்டை எதற்கு?
2. நீளக் குச்சியின் வேலை என்ன?
3. மூன்று அடுக்குக் கேக் ஒன்று. கீழே 10 அங்குலம், நடுவில் 8 அங்குலம், மேலே 6 அங்குலம். 8 அங்குலக் கேக்கைத் தாங்க 6 குச்சிகள். 6 அங்குலக் கேக்கைத் தாங்க 4 குச்சிகள். நீளக் குச்சி 1. மொத்தம் எத்தனை குச்சிகள்? எத்தனை அட்டைகள்?
4. அந்தக் கேக்குக்கு உரிய சீட்டை உங்கள் கையால் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரிகிறதா என்று கேளுங்கள்.