ஊர் கைக்கு வருமுன் செய்த மிம்பர்

வெள்ளிக்கிழமைதோறும் கதீப் அவர்கள் மிம்பர் படியேறி ஸலாம் சொல்லி அமர்வதைக் காண்கிறோம். அந்தப் படிகள் எப்படி வந்தன என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

மதீனாவில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஆரம்பத்தில் ஒரு பேரீச்ச மரத்தண்டில் சாய்ந்து நின்றே குத்பா ஓதினார்கள். பின்னர் ஓர் அன்சாரிப் பெண்மணிக்குச் சொல்லியனுப்ப, அவருடைய அடிமையான தச்சர் அல்காபா காட்டு மரத்தில் மூன்று படி செய்து கொடுத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதன்மீதே நின்று தொழுது, ஸஜ்தாவுக்குப் பின்புறமாக இறங்கி, மீண்டும் ஏறினார்கள். மக்கள் பார்த்துப் பின்பற்றித் தம் தொழுகையைக் கற்பதற்காகவே இப்படிச் செய்ததாகவும் விளக்கினார்கள். கைவிடப்பட்ட மரத்தண்டு தேம்பி அழ, இறங்கி வந்து அதைத் தடவிக் கொடுத்ததும் புகாரி ஷரீபில் உள்ளதே. ஆக, மிம்பர் அலங்காரத்துக்கு வந்த பொருளன்று. பார்க்கவும் கேட்கவும் வந்தது.

பிற்காலத்தார் அதில் தம் கைத்திறன் முழுவதையும் கொட்டினார்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்வோம்.

1099-ல் பைத்துல் முகத்தஸ் சிலுவைப் போராளிகள் வசமாயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்து, ஹிஜ்ரி 564-ல் (1168-69), சுல்தான் நூருத்தீன் ஜங்கி அவர்கள் ஹலப் நகரத் தச்சர்களை அழைத்து, அக்ஸா பள்ளிக்கென்று ஒரு மிம்பர் செய்யச் சொன்னார்கள். பள்ளியோ பகைவர் கையில்! ஊர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருக்கவில்லை. இதைத்தான் நிய்யத் என்கிறோம்.

ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகள். ஒன்றின் நாக்கு மற்றொன்றின் காடியில் பொருந்தும். ஆணியோ பசையோ இல்லாமல் நட்சத்திரக் கோலங்களாக அவற்றை இணைத்தார்கள். அழகுக்காக மட்டுமல்ல. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அகலப் பலகையானால் வெடித்துவிடும். சிறு துண்டுகளோ காடிக்குள் சற்றே அசைந்து கொடுத்து நிலைக்கும். தச்சர்கள் தங்கள் பெயரையும் அதில் செதுக்கி வைத்தார்கள். நம் மஹல்லாக்களில் மிம்பர் கொடுத்த தனவந்தர் பெயர் சலவைக் கல்லில் மின்னுகிறது. இழைத்த ஆசாரியின் பெயரை யாரும் கேட்பதில்லை.

நூருத்தீன் அவர்கள் 1174-ல் வபாத்தானார்கள். தம் மிம்பர் அக்ஸாவில் ஏறியதை அவர்கள் காணவில்லை. 1187-ல் ஊரை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்கள்தாம் அதை ஹலபிலிருந்து தருவித்து அங்கே நிறுவினார்கள். ஸலாஹுத்தீன் மிம்பர் என்றே ஊர் அழைத்தது. செய்வித்தவர் பெயர் பின்னால் போயிற்று. அதனால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

1969 ஆகஸ்டு 21-ல் ஆஸ்திரேலியன் ஒருவன் பள்ளிக்குள் தீ வைத்தான். எட்டு நூற்றாண்டு கண்ட மிம்பர் கரிக்கட்டையாயிற்று. அடுத்த மாதமே முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் ரபாத் நகரில் கூடினார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு பிறந்தது அதிலிருந்துதான்.

மிம்பரைத் திரும்பச் செய்வது அத்தனை எளிதாக இல்லை. பழைய புகைப்படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் வைத்து, கோலங்களின் கணக்கை முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜோர்தானில் பல நாட்டுத் தச்சர்கள் கூடி, 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பழைய முறைப்படியே ஆணியும் பசையுமின்றிக் கோத்தார்கள். 2007-ல் அது அக்ஸாவில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கருகித் தப்பிய துண்டுகளை ஹரம் வளாகத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.