கடைக்கு வேண்டிய ஆங்கிலம்: எதிர்ச்சொல்லோடு படியுங்கள்



பில், விலைப்பட்டியல், செக், பேங்க் கடிதம் என்று நம் கைக்கு வரும் காகிதங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நாம் ஆங்கில இலக்கியம் படிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு சரக்கு எடுத்தால் நட்டம் நம்முடையது. அகராதியை மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். கடையைத் திறந்துவிட்டால் சாப்பிடவே நமக்கு நேரமில்லை. சுலபமான வழி ஒன்று இருக்கிறது. புதிய சொல் கண்ணில் பட்டால் அதன் பொருளை மட்டும் கேட்காதீர்கள். "இதற்கு எதிர்ச்சொல் என்ன?" என்றும் கேளுங்கள்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். விற்பனை வரி இருந்த காலம். ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில் பிஸ்கட் பெட்டி 400 ரூபாய், பக்கத்தில் "எக்ஸ்க்ளூசிவ்" என்று போட்டிருந்தது. விளம்பரங்களில் "எக்ஸ்க்ளூசிவ் ஆஃபர்" என்று பார்த்திருக்கிறேன். நமக்கென்று தனியாகக் கொடுக்கும் விலை என்று எண்ணி 50 பெட்டி சொல்லிவிட்டேன். பெட்டிக்கு 20 ரூபாய் லாபம் வைத்து, 420 என்று சில்லறைக் கடைக்காரர்களிடம் பேசியும் விட்டேன். பில் வந்தது, வரியோடு பெட்டி 432. அந்த எக்ஸ்க்ளூசிவுக்கு "வரி நீங்கலாக" என்று பொருளாம். சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? பெட்டிக்கு 12 ரூபாய் வீதம் 600 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. இதன் எதிர்ச்சொல் "இன்க்ளூசிவ்", அதாவது உட்பட. அது தெரிந்திருந்தால் அன்றே ஒரு போன் செய்து கேட்டிருப்பேன். இன்று நாம் விற்கும் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் "இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்ஸஸ்" என்று இருப்பதைப் பார்க்கலாம். எல்லா வரியும் அந்த விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் வாங்கக்கூடாது.

ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர்ச்சொற்கள் இருந்தால் அதற்கு இரண்டு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். "கிரெடிட்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் "கிரெடிட்ல குடுங்க அண்ணாச்சி" என்றால் கடன். அதன் எதிர்ச்சொல் "கேஷ்". பேங்க் பாஸ்புக்கில் கிரெடிட் என்றால் வரவு. அங்கே எதிர்ச்சொல் "டெபிட்". இதிலும் ஒரு குழப்பம் உண்டு. நாம் பேங்கில் கட்டிய பணத்தை நம் பேரேட்டில் பேங்க் கணக்கில் டெபிட் என்று எழுதுகிறார் கணக்கர். அதே தொகை பாஸ்புக்கில் கிரெடிட் என்று வருகிறது. கணக்கர் தப்பு செய்துவிட்டார் என்று அவரிடம் கோபிக்க வேண்டாம். பாஸ்புக் பேங்கின் கணக்கு. அவர்களுக்கு நாம் பணம் கொடுத்து வைத்தவர்கள். அவ்வளவுதான். சரக்கைத் திருப்பி அனுப்பியதற்குக் கம்பெனி "கிரெடிட் நோட்" அனுப்பினால் நம் பேரில் கடன் ஏறிவிட்டதோ என்று பயப்படவும் வேண்டாம். நாம் கொடுக்க வேண்டியதில் அந்தத் தொகை குறைகிறது.

"கிராஸ்" என்ற சொல்லும் இப்படித்தான். எடையில் வந்தால் சாக்கு, டின் சேர்ந்த மொத்த எடை, எதிர்ச்சொல் "நெட்". பென்சில், பொத்தான் வாங்கும் இடத்தில் கிராஸ் என்றால் 12 டஜன், 144 உருப்படி. "ஃபைன்" என்பது ரவையில் நைஸ் ரகம், எதிர்ச்சொல் "கோர்ஸ்". அதே ஃபைன் அரசு நோட்டீசில் வந்தால் அபராதம். அதற்கு எதிர்ச்சொல் தேடாமல் என்ன பிழை என்று பாருங்கள்.

முன்னால் "இன்", "அன்", "டிஸ்" சேர்த்தால் எதிர்ப்பொருள் வரும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் சரிதான். "சஃபிஷியன்ட்" போதுமானது, "இன்சஃபிஷியன்ட்" போதாதது. செக் பாஸானால் "ஆனர்", திரும்பினால் "டிஸ்ஆனர்". பேங்க் மெமோவில் "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்" என்று வந்தால் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டவேண்டும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு சொல்வது இது.

ஆனால் இந்த விதியை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொசு மருந்து, வாசனை ஸ்பிரே டின்களில் "ஃப்ளேமபிள்" என்றோ "இன்ஃப்ளேமபிள்" என்றோ அச்சிட்டிருக்கும். "இன்" இருப்பதால் தீப்பிடிக்காது என்று நினைத்து விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றும். எதிர்ச்சொல் "நான்ஃப்ளேமபிள்". கடைப் பையன்களுக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

ஒரே பொருள் தரும் சொற்களிலும் கவனம் தேவை. அவை அண்ணன் தம்பி மாதிரி. சாயல் ஒன்று, குணம் வேறு. "சீப்" என்றாலும் "ரீசனபிள்" என்றாலும் விலை குறைவுதான். ஆனால் சீப் என்று போர்டு எழுதினால் சரக்கும் மட்டமோ என்று நினைப்பார்கள். கம்பெனிக்குப் புகார் எழுதும்போது எல்லாவற்றுக்கும் "டேமேஜ்" என்றே எழுதுகிறோம். பெட்டி நசுங்கினால் டேமேஜ் சரி. உணவுப் பொருள் கெட்டால் "ஸ்பாயில்ட்", எண்ணெயில் காறல் வாடை வந்தால் "ரான்சிட்", ரொட்டி பழசானால் "ஸ்டேல்". இதன் எதிர்ச்சொல் "ஃபிரெஷ்". சரியான சொல்லை எழுதினால் லாரியில் பட்ட அடியா, தயாரிப்பில் வந்த குறையா என்ற விவாதம் குறையும். ஸ்டேல் ரொட்டிக்கு மட்டுமல்ல, செக்கிற்கும் உண்டு. 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் 3 மாதம். அதற்கு மேல் போனால் அது ஸ்டேல் செக். பேங்க் பணம் தராது.

இந்த வாரம் உங்கள் கடைக்கு வந்த ஏதாவது ஒரு பில்லை எடுத்து, அதிலுள்ள ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கு எதிர்ச்சொல் எழுதிப் பாருங்கள். தொடக்கத்திற்கு மூன்று: ஓப்பனிங் ஸ்டாக், ஷார்டேஜ், அட்வான்ஸ்.

விடை: குளோசிங் ஸ்டாக், எக்ஸஸ், அரியர்ஸ்.