அம்மாவின் மண்டையோட்டில் என்ன தெரிகிறது?

கேள்வி: பனியில் சறுக்கி விழுந்த அம்மாவுக்கு (64 வயது) தலையில் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். காயம் இல்லை. ஆனால் மண்டையோட்டு எலும்பில் 'லீஷன்' இருப்பதாக எழுதி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய்தான் என்று அம்மா சாப்பாட்டையே ஒதுக்குகிறா. ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால் உடனே தெரியாதா?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். தற்செயலாகக் கண்ணில் படும் இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனாலும் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம்.

கத்தி வைக்காமலே எலும்பு எவ்வளவு சொல்லும் என்பதற்கு ரொறன்ரோவிலேயே சான்று உண்டு. ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் ஜெட்மாத்தசாங் என்ற எகிப்தியப் பெண்ணின் மம்மி இருக்கிறது. சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன் தீப்ஸ் நகரில் வாழ்ந்தவர். அவருடைய மூடிய பேழையைத் திறக்காமலே, 1970களின் பிற்பகுதியில் சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையின் கதிரியக்க வைத்தியர் டெரெக் ஹார்வுட்-நாஷ் சி.ரி. எடுத்தார். பல்லில் தொடங்கிய கிருமித்தொற்று மேல்தாடை எலும்பைக் குடைந்திருந்தது ஸ்கான் படங்களில் வெளிவந்தது.

அம்மாவின் விஷயத்திலும் அப்படித்தான். சி.ரி. எலும்பின் விளிம்பைக் காட்டும். உள்ளே தேன்கூட்டுச் சிற்றறைகள் தெரிந்தால் பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா என்ற இரத்தக்குழாய்க் கட்டி. மங்கிய கண்ணாடி போலத் தெரிந்தால் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற தீங்கற்ற எலும்பு மாற்றம். உட்பக்கத்து வழவழப்பான பள்ளம் சிலவேளை நோயே அல்ல. மூளைநீர் வடியும் இயல்பான இடம். உள்ளே இருப்பது நீரா, கொழுப்பா, திசுவா என்று எம்.ஆர்.ஐ. பிரித்துச் சொல்லும். எபிடெர்மாய்ட் கட்டி அதில் ஒரு குறிப்பிட்ட படத்தொடரில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

இதனால்தான் வெட்டுவதற்கு அவசரப்படக் கூடாது என்கிறேன். இரத்தம் நிறைந்த கட்டியில் ஊசி செலுத்தினால் இரத்தப்பெருக்கு ஏற்படலாம். டிஸ்பிளேசியா என்று படத்திலேயே தெளிந்தால் பல வேளைகளில் கண்காணித்தாலே போதும். எலும்பு பல இடங்களில் துளைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அப்போது மயலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கான இரத்தப் புரதப் பரிசோதனையும், மார்பகப் புற்றுநோய் வந்தவரா என்ற விசாரணையும் தேவை. படங்கள் தெளிவாகப் பேசாதபோதுதான் நீங்கள் கேட்ட துண்டு வெட்டிப் பார்க்கும் பயாப்ஸி.

வைத்தியர் கேட்டு எழுதிய எம்.ஆர்.ஐ.க்கு மருத்துவமனையில் ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் பணம் கட்டும். காத்திருக்கும் நாட்களில் பார்வை மங்கினாலோ, தலையில் வீக்கம் வளர்ந்தாலோ, இரவில் வலி எழுப்பினாலோ குடும்ப வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அம்மாவுக்கு முன்பு எடுத்த தலை ஸ்கான் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், கதிரியக்க வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.