காணாத புலியைக் கணக்கெடுக்க

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 2006 முதல், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் மாநில வனத்துறைகளின் துணையுடன் நடத்திவரும் புலிக் கணக்கெடுப்பில் தொண்டராகச் சேர விரும்புகிறவர், புலியைக் காணும் ஆசையை வீட்டிலேயே விட்டுப் புறப்படுவது உத்தமம்; அங்கே அவருக்கு வாய்ப்பது புலியின் தரிசனமன்று, அது நடந்துபோன வழியின் பரிச்சயமே.

களக்காடு முண்டந்துறை போன்ற காப்பகங்கள் தொண்டர்களை அழைக்கும் பருவத்தில், கள இயக்குநர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மூட்டுவலியையோ மூச்சிரைப்பையோ அதில் மறைப்பது பிறர் தோளில் பாரமேற்றுவதாகும். பச்சை, காக்கி போன்ற மங்கிய நிற ஆடை போதும். வாசனைத் தைலங்கள் கூடாது.

விடியற்காலையில் வனக்காவலருக்குப் பின்னே, ஒருபோதும் முன்னேயன்று, நடக்க வேண்டும். அஞ்ச வேண்டியது பெரும்பாலும் புலிக்கன்று, யானைக்கே. ஆதலால் காவலர் கை உயர்ந்தால் காரணம் கேளாமல் நின்றுவிடுவதே விவேகம். நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டராக மூன்று நாள் நடக்கையில் கால்தடம், எச்சம், தரையிலும் மரத்திலும் உள்ள பிறாண்டல் ஆகியவற்றைத் தேட வேண்டும். நான்கு விரல்கள் பதிந்து நகக்குறி காணாத தடம் பூனை இனத்தது. நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் செந்நாயோ கழுதைப்புலியோ ஆகும். புலிக்கும் சிறுத்தைக்கும் பேதம் முக்கியமாக அளவில்தான். புலிக்குட்டியின் தடம் கற்றவரையும் மயக்குமாதலால், அவ்விடத்தில் காவலரின் அனுபவத்துக்குத் தலைவணங்குவதே முறை.

இனி, சிரமமான பகுதி. ஐந்து கிலோமீட்டர் நடந்தும் ஒரு தடயமும் அகப்படாத நாளில், வெறுங்கையுடன் திரும்ப வெட்கப்பட்டு, ஐயத்துக்குரிய ஒரு சுவட்டைப் புலியென எழுதிவிடும் சபலம் நல்லவர்களுக்கும் தோன்றும். ‘இல்லை’ என்பதும் ஒரு செய்தியே. பல முறை நடப்பதன் சூட்சுமமே, இருக்கின்ற விலங்கை நம் கண் எத்தனை முறை தவறவிடுகிறது என்று அளப்பதில் இருக்கிறது. ஒரு பொய்ச்சுவடு அந்த அளவுகோலையே கோணலாக்கிவிடும்.

அடுத்து, இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் மெல்ல நடந்து, மான், காட்டுமாடு முதலிய இரைவிலங்குகளைக் கண்டவிடத்தில் கூட்டத்தின் எண்ணிக்கை, தூரம், திசைமானி காட்டும் கோணம் மூன்றையும் உடனே குறிக்க வேண்டும். ஞாபகத்தை நம்பி முகாமில் குறிப்பது பயனற்றது.

தானியங்கிக் கேமரா பொருத்தும் குழுவில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. ஒரு காலத்தில் காலடியைக் கண்ணாடியில் வரைந்து எண்ணியதன் குறையை உணர்ந்து, புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் 1990களில் பயன்படுத்திய சாதனம் இது. ஒவ்வொரு புலியையும் அடையாளம் காட்டுவது அதன் உடற்கோடுகளே; ஒரே புலியின் இடப்புறக் கோடுகளும் வலப்புறக் கோடுகளும் ஒன்றல்ல என்பதால் பாதையின் இருமருங்கிலும் கேமரா வேண்டும். பொருத்தியபின் அதன் முன்னே நாலுகாலில் தவழ்ந்து சோதிக்கத் தொண்டர் நாணலாகாது. முதலிற் பதியும் அந்த விநோத உருவத்தை அழிக்கவும் வேண்டாம். தேதியும் நேரமும் சரியாக விழுகின்றனவா என்பதற்கு அதுவே சாட்சி.